காசு கட்டியாயிற்று, பிள்ளையை விளையாட விடுங்கள்

பள்ளி விடுமுறை நெருங்கினால் நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சுதான். எந்த ரிசார்ட், எத்தனை அறை, பசியாறல் சேர்த்தா சேர்க்காமலா? அலோர் காஜாவில் ஏ ஃபமோசா, ஆயர் குரோவில் மிருகக்காட்சிசாலை, மாலையில் மலாக்கா ஆற்றில் படகு, இரவில் ஜோங்கர் தெரு. ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணத்தைப் பிள்ளைகள் சந்தோஷத்துக்காகத்தான் செலவழிக்கிறோம். அதில் தப்பேதும் இல்லை. போன இடத்தில் நாம் நடந்துகொள்கிற விதத்தில்தான் தப்பு.

நீச்சல் குளத்தோரம் நின்று பாருங்கள். ஏழு வயதுப் பையன் படியில் கால் வைக்கிறான். "தலையை நனைக்காதடா, சளி பிடிக்கும்" என்கிறார் அம்மா. "அப்படியே நில்லு, இங்க பாரு, சிரி" என்கிறார் அப்பா. படம் எடுத்து முடிப்பதற்குள், "ஏறு ஏறு, சாப்பாட்டை எடுத்துடுவாங்க" என்று பெரியம்மா குரல். பையன் துண்டைப் போர்த்திக்கொண்டு அறைக்குப் போய்க் கைப்பேசியைத் திறக்கிறான். அதற்கும் திட்டு வாங்குகிறான்.

இன்னும் சிலர் நேர்மாறு. பிள்ளையைத் தண்ணீரில் இறக்கிவிட்டுச் சாய்வு நாற்காலியில் முகநூல் பார்க்கிறோம். மூழ்குகிற பிள்ளை பெரும்பாலும் கத்தாது, கை காட்டிக் கூப்பிடாது. உயிர்காப்பாளர் இருக்கிறார் என்று கண்ணை எடுக்காதீர்கள். சின்னப் பிள்ளையென்றால் கை எட்டும் தூரத்தில் நீங்களும் தண்ணீரில் இருங்கள். உடன் விளையாடினால் காவலும் ஆயிற்று, விளையாட்டும் ஆயிற்று.

ஊர் சுற்றுவதிலும் இதே அவசரம். போர்த்துக்கீசியர் 1511-ல் மலாக்காவைப் பிடித்துக் கோட்டை கட்டினார்கள். 1807-ல் ஆங்கிலேயர் அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சி நிற்பது சந்தியாகோ வாசல். அதன் கல்லைத் தடவிப் பார்த்து, "மிச்சச் சுவரெல்லாம் எங்கப்பா?" என்று மகள் கேட்கிறாள். வெடி வைத்த கதையைச் சொன்னால் வாய் பிளந்து கேட்பாள். நாமோ, "வெயில் அடிக்குது, சீக்கிரம் வா" என்கிறோம். 1781-ல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலும், கம்போங் கிளிங் பள்ளிவாசலும், செங் ஹூன் தெங் சீனக் கோயிலும் அடுத்தடுத்து இருக்கின்றன. பிள்ளையின் காலுக்கு ஏற்ற நடைதான். நமக்குத்தான் பொம்மை கட்டிப் பாட்டு அலறும் திரிஷா வேண்டியிருக்கிறது.

இதே மாநிலத்தில்தான், புக்கிட் லிந்தாங்கில், 1896-ல் டான் சே யான் ரப்பரைத் தோட்டப் பயிராக நட்டார். மலாயாவில் வணிக ரப்பர் தோட்டம் தொடங்கியது அப்படித்தான். பிறகு ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களில் நம் தாத்தா பாட்டிகள் பால் மரம் வெட்டினார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு ரப்பர் கொட்டையே பொம்மை. இரண்டு கொட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து உள்ளங்கையால் ஓங்கிக் குத்த வேண்டும். எது உடையவில்லையோ அந்தக் கொட்டைக்காரன் ஜெயித்தான். சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடேற்றிப் பக்கத்திலிருப்பவன் தொடையில் வைத்துவிட்டு ஓடுவது தனிக் கலை. சட்டம் போட்டதும் அவர்களே, சண்டையைத் தீர்த்ததும் அவர்களே. லயத்து வறுமை திரும்பி வரவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பெரியவர்கள் குறுக்கிடாத அந்த நேரத்தைத்தான் நம் பிள்ளைகளுக்குக் கேட்கிறேன். பால்மரம் போய்ச் செம்பனை வந்து, தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிவந்த நாம், பள்ளி, டியூஷன், கராத்தே என்று அதையும் பிடுங்கிக்கொண்டோம். விடுமுறையில்கூடத் திருப்பித் தருவதில்லை.

விளையாட்டு நாம் மனமிரங்கிக் கொடுக்கும் சலுகை அல்ல. 1989-ல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு, ஓய்வையும் விளையாட்டையும் உரிமை என்றே சொல்கிறது. மலேசியா 1995-ல் அதில் இணைந்தது.

ஆகவே பெற்றோரே, அடுத்த பயணத் திட்டத்தில் அரை நாளை வெறுமனே விடுங்கள். கிளேபாங் கடற்கரையில் பழைய சட்டையோடு இறக்கிவிடுங்கள். மணலைக் கொட்டட்டும், சேற்றை அப்பிக்கொள்ளட்டும். நீங்கள் பக்கத்தில் இருங்கள். எப்படி விளையாடுவதென்று சொல்லித் தராதீர்கள். "போரடிக்குது" என்றால் கைப்பேசியை நீட்டாதீர்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களே ஒன்றைக் கண்டுபிடிப்பார்கள். காரில் இடமிருந்தால் பாட்டியையும் ஏற்றிக்கொண்டு, அவர் பால் வெட்டிய தோட்டத்துப் பக்கம் போய்வாருங்கள். ரப்பர் கொட்டை விளையாட்டை உங்களைவிட அவர் நன்றாகச் சொல்லித் தருவார். படம் எடுக்க ஆசையென்றால் ஒன்று எடுத்துவிட்டுக் கைப்பேசியைப் பையில் போடுங்கள். அறைக்குக் காசு கட்டியது நாம்தான், விடுமுறை பிள்ளைகளுடையது.