‘போதும்’ என்று சொல்லும் பாறை

நம் மொழியில் ‘போதும்’ என்பதைப் போல எளிய சொல் வேறில்லை. சொல்வதற்கு அதைப் போல அரிய சொல்லும் வேறில்லை. வங்கிப் பணியில் இருந்த ஆண்டுகளில் சிறுதொகை வைத்திருந்தவரையும் பெருந்தொகை வைத்திருந்தவரையும் ஒருங்கே கண்டிருக்கிறேன். ‘எனக்கு இவ்வளவு போதும்’ என்று சொல்லி எழுந்து சென்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அச்சொல்லை வாழ்ந்து காட்டியவர்களின் இருப்பிடம் ஒன்றைச் சென்ற ஆண்டு ஆனித் திங்களில் காணும் பேறு கிட்டியது. அது அயர்லாந்து நாட்டின் தென்மேற்குக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக் பெருங்கடலில் நிற்கும் ஸ்கெல்லிக் மைக்கேல் என்னும் பாறைத்தீவு.

கரையிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், 218 மீட்டர் உயரத்திற்குக் கடலிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கிறது இத்தீவு. மரமில்லை, ஓடையில்லை, மணற்கரையும் இல்லை. இங்கே சுமார் ஆறாம் நூற்றாண்டில் கிறித்தவத் துறவியர் சிலர் வந்து மடம் அமைத்தனர் என்பர். பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டு வரை அவர்களது வழிவந்தோர் இங்கே தவ வாழ்வு வாழ்ந்தனர். இன்று நிலையாகக் குடியிருப்பவர் எவருமில்லை. 1820களில் கட்டிய கலங்கரை விளக்கத்தின் காவலர்களும், விளக்கு 1987இல் தானியங்கி ஆனபின் கரைக்குத் திரும்பிவிட்டனர். 1996இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அயர்லாந்தில் பணிபுரியும் எங்கள் மகன் பல மாதங்களுக்கு முன்பே படகில் இடம் பதிவு செய்திருந்தான். கோடைக்காலத்தில் மட்டுமே தீவில் இறங்க இயலும். அதுவும் நாளொன்றுக்கு 180 பேருக்கே இசைவு. பணம் கட்டிவிட்டால் போதும் என்பதுமில்லை. அன்று காலை அலை உயர்ந்திருந்தால் படகு புறப்படாது. திரைப்படம் ஒன்றின் படப்பிடிப்பு இங்கு நடந்த பிறகு இளைஞர் கூட்டம் பெருகியது. ஆனாலும் கடலும் சட்டமும் தத்தம் கணக்கை மாற்றிக்கொள்ளவில்லை. போர்ட்மகீ என்னும் சிற்றூரிலிருந்து பன்னிரண்டு பயணிகளோடு எங்கள் படகு கிளம்பியது.

வழியில் சின்ன ஸ்கெல்லிக் என்ற மற்றொரு பாறை. தொலைவிலிருந்து பார்க்கையில் உச்சியெல்லாம் வெண்ணிறம். பனியோ என்று எண்ணினேன். நெருங்கிய பின்னரே அத்தனையும் பறவைகள் என்று புலனாயிற்று. கேனட் எனப்படும் பெரிய வெண்கடற்பறவைகள் பல்லாயிரம் இணைகளாக அங்கே குஞ்சு பொரிக்கின்றன. அப்பாறையில் மனிதர் இறங்க இசைவில்லை. அதன் விளிம்பில் கடல்நாய்கள் வெயிலில் படுத்துக் கிடந்தன.

பெரிய தீவில் இறங்கியதும் அரசு வழிகாட்டி ஒருவர் எச்சரிக்கைகளைச் சொன்னார். மேலே செல்ல 600க்கும் மேற்பட்ட கற்படிகள். கைப்பிடி கிடையாது; கழிப்பறை, நிழற்கூரை எவையும் கிடையா. ‘இயலாதவர்கள் எந்த இடத்திலும் நின்றுகொள்ளலாம், அதில் குறையொன்றும் இல்லை’ என்று அவர் கூறிய விதம் மனத்திற்கு இதமாயிருந்தது.

இரண்டு சிகரங்களுக்கும் இடையே தாழ்ந்த புல்வெளி ஒன்று உண்டு. கிறிஸ்துவின் சேணம் என்று அதற்குப் பெயர். அங்கு வந்ததும் என் மனைவி ஒரு கல்லில் அமர்ந்துவிட்டாள். முழங்கால் வலி. “நீங்கள் மேலே போய் வாருங்கள். எனக்கு இதுவரை வந்ததே போதும்” என்றாள். இவ்வளவு தொலைவு வந்துவிட்டு மடத்தைக் காணாமல் திரும்புவதா என்று எனக்குத்தான் மனம் கேட்கவில்லை. அவளோ என் பக்கம் திரும்பவே இல்லை. அவளிடமிருந்து நான்கு அடி தூரத்தில், வாயில் மீன்களைக் கவ்வியபடி பஃபின் ஒன்று நின்றுகொண்டிருந்தது. வண்ண அலகும் வெள்ளை மார்பும் கொண்ட சின்னஞ்சிறு கடற்பறவை அது. மண்வளைக்குள் ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். குளிர்காலம் முழுவதும் நடுக்கடலிலேயே கழித்து, இளவேனிலில் மீண்டும் இங்கே வந்து சேரும்.

நானும் மகனும் மேலே சென்றோம். செங்குத்தான பாறைச் சரிவில் முதலில் தாங்குசுவர்களை எழுப்பி, அவற்றின் மேல் தளம் அமைத்து, அத்தளத்தில் மடத்தைக் கட்டியிருக்கிறார்கள். தேன்கூட்டைக் கவிழ்த்தாற்போன்ற ஆறு கற்குடில்கள், இரண்டு சிறிய வழிபாட்டுக் கூடங்கள், கற்சிலுவைகள், ஓர் இடுகாடு. சுண்ணாம்போ சாந்தோ இட்டு ஒட்டாத குடில்கள் அவை. கல்லின்மேல் கல்லைச் சற்றே உள்வாங்க அடுக்கி, உச்சியில் கூடச் செய்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுப் புயலுக்குப் பின்னும் உள்ளே தலை குனிந்து நுழைய முடிகிறது.

ஒரே காலத்தில் இங்கே வாழ்ந்தோர் ஏறத்தாழ பன்னிருவரும் ஒரு தலைவரும் என்பது ஆய்வாளர் கருத்து. அவர்களது வரவு செலவை என் பழைய பழக்கப்படி மனத்தில் கணக்கிட்டுப் பார்த்தேன். நீர் என்றால் பாறையில் வழியும் மழைநீரைத் தொட்டிகளில் சேர்த்து வைத்தது மட்டுமே. காய்கறி என்றால் கையளவு தோட்டத் தட்டுகளில் விளைந்தது. மற்றபடி மீன், கடற்பறவை, அவற்றின் முட்டை. தொட்டியில் உள்ளதற்கு மேல் செலவிட்டால் அடுத்த மழைவரை தாகம்தான். கடன் தர எவருமில்லாத இடத்தில் இத்தனை நூற்றாண்டுகள் கணக்கு நேராகியிருக்கிறது.

துன்பமும் வராமலில்லை. ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைக்கிங் கொள்ளையர் வந்து எட்கல் என்பவரைப் பிடித்துச் சென்றனர் என்றும், அவர் பசியால் மாண்டார் என்றும் பழைய ஆண்டுக்குறிப்புகள் கூறுகின்றன. அதன் பிறகும் மற்றவர்கள் தீவைக் கைவிடவில்லை. பின்னாளில் கடலின் சீற்றம் மிகுந்து, திருச்சபையின் அமைப்பும் மாறியபோது, பாலின்ஸ்கெல்லிக்ஸ் என்னும் கரையோர ஊருக்கு மடத்தை மாற்றிக்கொண்டனர். வாழ்வதற்கு மட்டுமல்ல, விட்டுச் செல்வதற்கும் ஒரு காலம் உண்டென்று அறிந்தவர்கள்.

இறங்குமுன் வழிகாட்டி சொன்ன ஒரு செய்தியை வாசக அன்பர்கள் அறிந்துகொள்ள வேண்டும். இந்தச் சாந்தில்லாச் சுவர்களின் இடுக்குகளில் புயற்பறவை எனும் சிறு பறவைகள் அடைகாக்கின்றன. குருவியைவிடச் சற்றே பெரியவை. இரவில் மட்டுமே கரையேறுபவை. பகலில் வருவோர் கண்ணுக்குத் தென்படுவதில்லை. நாம் பழங்கல் என்று கை வைக்கும் இடத்திற்குள் ஓர் உயிர் சிறகொடுக்கி இருக்கக்கூடும்.

கீழே வந்தபோது என் மனைவி அதே கல்லில்தான் அமர்ந்திருந்தாள். மேலே என்னவெல்லாம் கண்டேன் என்று விவரித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, தான் கண்டதைச் சொன்னாள். ஒரே பறவை ஐந்து முறை கடலுக்குப் போய் வந்ததாம். ஐந்து முறையும் வழி தவறாமல் அதே வளைக்குள் நுழைந்ததாம்.

மலைத்தலங்களுக்குச் சென்று, பாதி வழியில் அமர்ந்துவிட நேர்ந்ததை எண்ணி வருந்தி எனக்கு மடல் எழுதும் மூத்த அன்பர்கள் பலர். அவர்களுக்காகவே இதை எழுதினேன். அமர்ந்த இடத்திலும் காண்பதற்கு உண்டு. கால் நிற்கும் இடத்தில் மனமும் நிற்குமானால், ஏறி வந்தவரைக் காட்டிலும் குறைவாகக் கண்டோம் என்று எண்ண வேண்டியதில்லை.