ஒரு சந்தையா, பல சந்தையா?

சாணார்பட்டிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவருக்கு ஒரு யோசனை. பூத்ததுமே தோப்பை ஒரே வியாபாரிக்குக் குத்தகைக்கு விடுவதா? பழுத்த பிறகு பல சந்தைக்கும் அனுப்புவதா?

வீடியோ விளையாட்டுத் தயாரிப்பவருக்கும் இதே யோசனைதான்! விளையாட ஒரு கருவி வேண்டும். ஒரு கருவிக்குச் செய்தது இன்னொன்றில் ஓடாது.

கனடாவில் தமிழர் தயாரித்த விளையாட்டு "வெண்பா". இட்டலி அவிக்கும் தமிழ்த் தாயின் கதை. 2023 ஜூலை 31-ந் தேதி கம்ப்யூட்டர், நின்டெண்டோ, பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் நான்கிலும் வந்தது. மறு ஆண்டு பிரிட்டனின் பாப்டா பரிசும் கிடைத்தது.

ஜப்பானின் ஸ்குவேர் எனிக்ஸ் பெரிய கம்பெனி. 2023 ஜூனில் "பைனல் பேண்டஸி 16" விளையாட்டைப் பிளேஸ்டேஷன் 5-க்கு மட்டும் கொடுத்தது. 2024 மே மாதமோ, "இனிப் பல கருவிகளிலும் வெளியிடுவோம்" என்று அறிவித்துவிட்டது!

எது லாபம்?

ஒருவருக்கே கொடுத்தால் முன்பணம் கிடைக்கும், விளம்பரமும் கிடைக்கும். ஆனால் வேறு கருவி வைத்திருப்பவர் வாங்க முடியாது. பலருக்கும் கொடுத்தால் ஒவ்வொரு கருவிக்கும் தனியே திருத்த வேண்டும். அதற்கு ஆள் வேண்டும், கூலி வேண்டும்.

கடன் வாங்கித் தயாரிக்கும் சிறியவர் முன்பணம் வாங்குவதில் தவறில்லை. செலவு முழுவதும் அதில் அடைய வேண்டும். கெடுவையும் எழுதி வாங்கட்டும், ஓராண்டு போதும். பிறகு மற்றவர்களிடமும் விற்கலாம். "பைனல் பேண்டஸி 16" கூட 2025-ல் எக்ஸ்பாக்ஸுக்கு வந்துவிட்டதே!