கொப்புளத்து நீர் சொல்லும் சேதி

லயத்து அடுப்பிலிருந்து சரிந்த வெந்நீர் எங்கள் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் கையில் கொட்டியது. வீட்டில் பற்பசை பூசினார்கள். டிஸ்பென்சரியில் "மேல்காயம்தான்" என்று களிம்பு கொடுத்தார்கள். பெரியாஸ்பத்திரிக்குப் போனது மூன்று வாரம் கழித்து. விரல்கள் மடங்கிவிட்டன, இப்போது இடது கையால் எழுதப் பழகுகிறாள்.

தீக்காயத்தின் ஆழத்தை முதல் நாளே கண்ணால் பார்த்துச் சொல்வது தேர்ந்த வைத்தியருக்கும் கடினம். இரண்டு மூன்று நாளில் காயம் இன்னும் ஆழமாகலாம். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஆய்வாளர்கள் பிள்ளைகளின் கொப்புள நீரைச் சோதித்தார்கள். நாம் துடைத்தெறியும் அந்த நீரிலுள்ள புரதங்கள் காயத்தின் ஆழத்துக்கேற்ப மாறுகின்றன. ஆழக்காயத்தில் ஹீமோகுளோபின் கூடுதல். தானாக ஆறுமா, தோல் ஒட்ட வேண்டுமா என்று முன்பே அறிய இது வழிகாட்டலாம். இன்னும் ஆய்வுகூடத்தில்தான் இருக்கிறது.

அது மலையேறி வரும்வரை எங்கள் பிள்ளைகள் காத்திருக்க முடியாது. கண்ணால் தீர்மானிக்க முடியாத காயத்தை டிஸ்பென்சரியோடு முடிக்காதீர்கள். அன்றே ஆதார வைத்தியசாலைக்கும், மூன்றாம் நாள் மறுபடி காட்டவும் நிர்வாகம் வாகனம் தர வேண்டும். கூட்டிப்போகும் தாய்க்கு முழுப்பேர் போட வேண்டும். பேர் போய்விடும் என்றுதானே அன்று அந்தத் தாய் மலைக்குப் போனாள்! அடுத்த பேச்சுவார்த்தையில் இதை வைக்கிறோம். அதுவரை வீட்டில்: பீலித் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை வேண்டாம், கொப்புளத்தை உடைக்க வேண்டாம்.