ரிம் போனால் போகட்டும்

 

போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவன் ஒருவன் ஒரு படம் போட்டிருந்தான். திண்டிவனம் பக்கம் நெடுஞ்சாலையில் வண்டி பஞ்சர். பொழுது சாய்கிற நேரம். தானே ஜாக்கி போட்டு ஸ்டெப்னி மாற்றிவிட்டானாம். "சார் நடத்திய நெம்புகோல் இன்றைக்குத்தான் உதவியது" என்று என்னையும் சேர்த்து எழுதியிருந்தான். இருநூறுக்கு மேல் லைக். எனக்கும் முதலில் பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கழற்றிக்கொண்டிருப்பது வலது பின் சக்கரம். போகிற வண்டிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருக்கிறான். அவன் குதிகாலுக்குக் கீழே சாலையோர வெள்ளைக் கோடு. காருக்குப் பின்னால் அவனுடைய மகன், ஆறேழு வயதிருக்கும், செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். படம் எடுத்தது அவன் மனைவி. அந்தக் கோணத்தில் எடுக்க வேண்டுமானால் அந்தப் பெண் சாலைக்குள் நின்றிருக்க வேண்டும்.

லைக் போடவில்லை. போன் போட்டுத் திட்டினேன்.

அதைக் கேள்விப்பட்டு, என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் வருத்தப்பட்டார். "ஏன் சார், பையன் யாரையும் எதிர்பார்க்காம சொந்தக் கையால செஞ்சிருக்கான். தட்டிக்கொடுக்காம இப்படியா?" என்றார். அவருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். டயர் மாற்றத் தெரிந்திருப்பது நல்லதுதான். ஆனால் நெடுஞ்சாலையில் பஞ்சர் ஆனால் முதலில் கேட்க வேண்டியது எப்படி மாற்றுவது என்பதல்ல, இந்த இடத்தில் மாற்றலாமா என்பது. பெரும்பாலான நேரம் அதற்குப் பதில் "கூடாது" என்பதுதான் என் கட்சி.

முப்பது வருஷம் பிசிக்ஸ் நடத்தியவன், கணக்கு இல்லாமல் பேச மாட்டேன். நம் நான்குவழிச் சாலைகளில் பல இடங்களில் வெள்ளைக் கோட்டுக்கு இடது பக்கம் தார் போட்ட ஓரம் ஒன்றரை மீட்டர் அளவுதான். சாதாரணச் சின்னக் கார் ஒன்றின் அகலமே ஏறக்குறைய 1.7 மீட்டர். அதாவது தார் ஓரத்தில் மட்டும் நிறுத்தினால் வண்டியே அதற்குள் அடங்காது. அதன் வலது பக்கம் ஒரு ஆள் குந்த வேண்டுமானால் இன்னும் முக்கால் மீட்டர் வேண்டும். அந்த முக்கால் மீட்டரை லாரிகள் போகிற பாதையிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறோம்.

எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வருகிற லாரி ஒரு விநாடியில் 22 மீட்டர் கடக்கும். எதிரே ஏதோ நிற்கிறது என்று ஓட்டுநர் கண்ணில் பட்டு, மூளைக்கு உறைத்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி வைத்துக்கொள்ளுங்கள். 33 மீட்டர் போய்விட்டது, பிரேக் இன்னும் பிடிக்கவே ஆரம்பிக்கவில்லை. இதில் லோடு, மழை, தூக்கக் கலக்கம் எதையும் நான் சேர்க்கவில்லை.

சரி, அவனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? அதையும் சொல்லிவிடுகிறேன்.

2009 மே மாதம். மைத்துனர் மகள் கல்யாணத்துக்கு விழுப்புரத்திலிருந்து திருச்சிக்குப் போய்க்கொண்டிருந்தோம். உளுந்தூர்பேட்டை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வலது பின் டயர் காற்றிறங்கியது. நான்கு டயரும் புதிது, போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. இறங்கின டயரில் ஓட்டினால் டயர் பக்கவாட்டில் நசுங்கி வீணாகும், ரிம் நெளியும் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததுதான் வினை. அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டேன். கொஞ்சம் முன்னால் ஒரு டீக்கடையும் வெட்டவெளியும் கண்ணுக்குத் தெரிந்தும் நிறுத்தினேன். வாத்தியார் சம்பளத்தில் டயர் வாங்கியவனின் புத்தி அது.

மனைவியும் மகளும் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்க நான் ஜாக்கியைச் சுற்றி ஏற்றிவிட்டேன். ஒரு பஸ் என்னை உரசினாற்போல் போனது. அந்தக் காற்றில் கார் ஆடியது. ஆடியதில் ஜாக்கி சாய்ந்து, வண்டி தடாரென்று கீழே உட்கார்ந்தது. நல்லவேளை, சக்கரத்தை இன்னும் கழற்றவில்லை. உள்ளேயிருந்து என் மகள் போட்ட சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது.

முன்னால் ஒரு லாரி ஓரங்கட்டி நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். என்ன ஏது என்று கேட்கவில்லை. "சார், மொதல்ல அம்மாவையும் பாப்பாவையும் எறக்கி அந்தாண்ட அனுப்புங்க. டயரு கடையில கெடைக்கும். வண்டிய எடுங்க" என்றார். இறங்கின டயரோடு, நாலு பக்க விளக்கும் மின்ன, நடக்கிற வேகத்தில் அந்த டீக்கடை வெளி வரை ஓட்டினேன். முந்நூறு மீட்டர் இருக்கலாம். டயர் போய்விட்டது உண்மை. ரிம்முக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தாலும்தான் என்ன?

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சட்டம் இதுதான். காற்று இறங்கியது தெரிந்தால் பிரேக்கில் ஏறி நிற்கக் கூடாது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை விட வேண்டும். வேகம் தானாகக் குறைந்தபின் விளக்கை மின்ன விட்டுக்கொண்டு இடது பக்கம் ஒதுங்கி, அகலமான, சமமான, கெட்டியான இடம் வரும்வரை ஊர்ந்து போக வேண்டும். பெட்ரோல் பங்க், லாரிகள் நிற்கிற இடம், சர்வீஸ் ரோடு, ஓட்டல் வாசல், எதுவானாலும் சரி. வளைவிலும் பாலத்தின் மேலும் நிறுத்தவே கூடாது. இப்போதைய டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் காற்று மெதுவாகத்தான் இறங்கும். அந்த அவகாசம் இப்படி ஒதுங்கத்தான்.

நகர வழியே இல்லையென்றால்? எல்லோரும் இடது பக்கக் கதவு வழியாக இறங்கி, இரும்புத் தடுப்பு இருந்தால் அதற்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். காருக்குள் உட்காராதீர்கள். காருக்குப் பின்னால் நிற்கவே நிற்காதீர்கள். தேசிய நெடுஞ்சாலையாக இருந்தால் 1033-க்குக் கூப்பிடுங்கள். மற்ற இடங்களில் 112. இடது பக்கச் சக்கரம் என்றால் இடத்தைப் பார்த்து யோசிக்கலாம். வலது பக்கச் சக்கரம், ஓடுகிற சாலை, இருட்டு, இந்த மூன்றும் சேர்ந்தால் கை வைக்காதீர்கள். கல்யாணத்துக்கு இரண்டு மணி நேரம் தாமதமாகப் போனால் சாப்பாடு ஆறியிருக்கும், அவ்வளவுதான்.

சிவப்பு முக்கோணத்தைப் பலர் வண்டியை ஒட்டி நாலடியில் வைக்கிறார்கள். அது அலங்காரம். மேலே சொன்ன கணக்கைப் பாருங்கள். ஐம்பது மீட்டரில் வைத்தால்கூட லாரிக்காரருக்குக் கூடுதலாகக் கிடைப்பது இரண்டு விநாடிதான். நெடுஞ்சாலையில் நூறு எட்டாவது பின்னால் போய் வைக்க வேண்டும். தாரில் அல்ல, மண் ஓரத்தில், வருகிற வண்டிகளைப் பார்த்தபடி நடக்க வேண்டும்.

இடம் சரியாக அமைந்துவிட்டால் மாற்றும் வேலை பெரிய வித்தை இல்லை. ஹேண்ட் பிரேக், முதல் கியர், தூக்கப்போகும் சக்கரத்துக்குக் குறுக்கு மூலையில் உள்ள சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல். கியரில் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். நம் சின்னக் கார்கள் பெரும்பாலும் முன் சக்கரத்தில் இழுப்பவை. முன் சக்கரம் ஒன்றைத் தூக்கிவிட்டால் அது சும்மா சுற்றும், டிஃபரன்ஷியல் வழியாக மற்றதும் உருளலாம். கியரின் பிடி போய்விடும். அதனால் ஹேண்ட் பிரேக்கும் வேண்டும், கல்லும் வேண்டும்.

வண்டியைத் தூக்கும் முன்பே நட்டுகளைக் கால் சுற்று தளர்த்திவிடுங்கள். தூக்கியபின் முயன்றால் சக்கரம் சுற்றும், ஜாக்கி ஆடும். ஜாக்கிக்கான இடம் கதவுக்குக் கீழே வெட்டுக் குறியோடு இருக்கும். மண் தரையானால் கீழே ஒரு பலகை போடுங்கள். கழற்றுவதற்கு முன் ஸ்டெப்னியை வண்டியின் அடியில் படுக்கவையுங்கள். மாட்டும்போது அதை எடுத்துக் கழற்றிய டயரைப் போடுங்கள். ஜாக்கி ஏமாற்றினால் வண்டி அதன் மேல் உட்காரும், உங்கள் கை மேல் அல்ல. நட்டுகளை வரிசையாக முறுக்காமல் எதிரெதிராக முறுக்க வேண்டும், வண்டியை இறக்கியபின் கடைசி இறுக்கு. ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு தடவை இறுக்கிப் பாருங்கள்.

"பெண்பிள்ளைகளுக்கு இதெல்லாம் வருமா சார்?" என்று நடைப்பயிற்சியில் ஒருவர் கேட்டார். என் மகளின் எடை 45 கிலோ. ஸ்பேனரின் கைப்பிடி கால் மீட்டர். கைப்பிடி இடது பக்கம் படுக்கையாக வரும்படி மாட்டி, உடல் எடையைக் கீழ்நோக்கிக் கொடுத்தால் 110 நியூட்டன் மீட்டருக்கு மேல் திருப்புவிசை கிடைக்கிறது. சின்னக் கார்களின் நட்டுகளை இறுக்க வேண்டிய அளவும் கிட்டத்தட்ட அதுதான். வராததற்கு ஒரே காரணம், கடைக்காரர் காற்றுத் துப்பாக்கியால் அளவுக்கு மீறி முறுக்கி வைத்திருப்பது. எனக்கு அப்படி ஆகியிருக்கிறது, ஸ்பேனர் வளைந்ததே தவிர நட்டு அசையவில்லை. அதனால்தான் வீட்டு வாசலில் ஒரு தடவை கழற்றி மாட்டிப் பழகச் சொல்கிறேன். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்பதும் அப்போதுதான் தெரியும். பாதிப் பேர் வண்டியில் டயர் இருக்கும், காற்று இருக்காது.

ஸ்டெப்னி என்றதும் ஒரு செய்தி. நாம் தமிழ்ச் சொல் போலப் புழங்கும் அந்தப் பெயர் வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரின் ஒரு தெருவினுடையது. 1904-இல் அந்த ஸ்டெப்னி தெருவில்தான் இந்த உதிரிச் சக்கரத்தைச் செய்து விற்கத் தொடங்கினார்கள். இங்கிலாந்துக்காரர்களே அந்தச் சொல்லை மறந்தாயிற்று, நாம் விடவில்லை. ஆனால் பொருளையே விட்டுவிடப் பார்க்கிறோம். டயர் அழுத்தம் காட்டும் கருவியும் ஓட்டை அடைக்கும் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-இல் மத்திய அரசு விதியைத் திருத்திவிட்டது. ஆணி ஓட்டைக்குக் கிட் போதும். டயரின் பக்கச் சுவர் கிழிந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. புது வண்டி வாங்கும்போது டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இருப்பது ஒல்லியான ஸ்டெப்னி என்றால் பெரும்பாலும் 80 கிலோமீட்டர்தான் அதன் எல்லை, அதன் மேலேயே எழுதியிருக்கும். அதோடு ஊர் சுற்றாதீர்கள்.

அந்த லாரி ஓட்டுநரைப் பற்றி ஒன்று பாக்கி இருக்கிறது. பத்தே நிமிஷத்தில் மாற்றிக்கொடுத்தார். காசு நீட்டினேன், வாங்கவில்லை. நான் கிளம்ப வண்டியில் ஏறும்போது அவர் மறுபடி பின்னால் நடந்து போனார். நான் முதலில் நிறுத்திய இடத்தில் சக்கரத்துக்குக் கொடுத்த இரண்டு கருங்கல்லையும் நான் அப்படியே விட்டு வந்திருந்தேன். இரண்டையும் தூக்கிப் பள்ளத்தில் போட்டுவிட்டு வந்தார். "எந்தம்பி இப்பிடி ஒரு கல்லுல ஏறித்தான் சார் பைக்கோட விழுந்தான்" என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மாணவனிடம் போனில் இதையும் சொன்னேன். அதுவரை "சரி சார், சரி சார்" என்று கேட்டுக்கொண்டிருந்தவன் சட்டென்று பேச்சை நிறுத்தினான். பிறகு, "சார், நானும் கல்ல எடுக்கல" என்றான். கிலோமீட்டர் கல் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. 1033-க்குக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னேன். அரை மணி நேரம் கழித்து மெசேஜ் வந்தது: "சொல்லிட்டேன் சார். எடுத்துட்டாங்களான்னு தெரியல. காலையில நானே ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வரேன்."