மூன்று மலை யாத்திரை: மோட்டார்ஹோமுக்குப் பெயர் கொடுக்கும் முன்

 

கொஞ்சம் நீளமான பதிவு. டீ குடித்துக்கொண்டே படித்தாலும் பரவாயில்லை, கடைசி வரைக்கும் படித்துவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் நடுவில் பத்து "குட் மார்னிங்" வந்து மேலே போய்விடுகிறது. அதனால்தான் இங்கே எழுதுகிறோம்.

இந்த வருஷம் நம் ஆலயத்து இளைஞர்கள் ஒரு நல்ல யோசனை கொண்டு வந்திருக்கிறார்கள். பத்துமலை, ஈப்போ கல்லுமலை, பினாங்கு தண்ணீர்மலை மூன்றையும் ஒரே பயணத்தில் தரிசனம் செய்வது. பாசிர் கூடாங்கிலிருந்து போக வர ஏறக்குறைய 1400 கிலோமீட்டர். ஹோட்டல் செலவு மிச்சம் ஆகட்டும், வயசானவர்கள் படுத்துக்கொண்டு வரட்டும் என்று ஒரு மோட்டார்ஹோம் வாடகைக்குப் பேசியிருக்கிறார்கள். படுக்கை, கழிப்பறை, சின்ன அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் உள்ளேயே இருக்கிறது. படம் பார்த்ததும் எங்களுக்கும் ஆசை வந்தது, பொய் சொல்லவில்லை.

பிறகு பெயர்ப் பட்டியலைப் பார்த்தோம். பதினொரு பேர். நாங்கள் தொண்டர்கள் இரண்டு பேர் போய் வண்டியை நேரில் பார்த்துவிட்டு வந்தோம். முன்னால் இரண்டு சீட். நடுவில் மேசைக்கு முன்னும் பின்னும் நாலு சீட். பெல்ட் இருப்பது அந்த ஆறுக்கு மட்டும்தான். மற்ற ஐந்து பேர் எங்கே உட்காருவது என்று கேட்டோம். வாடகைக்கு விடுபவர், "அண்ணே, பின்னாடி பெட் இருக்கே, படுத்துக்கிட்டே வரலாம், யாரும் பிடிக்க மாட்டாங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

யாரும் பிடிக்க மாட்டாங்க. அந்த வார்த்தைக்காகத்தான் இந்தப் பதிவு.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மோட்டார்ஹோம் நிற்கும்போது வீடு. சக்கரம் உருள ஆரம்பித்துவிட்டால் அதுவும் ஒரு வேன்தான். எத்தனை பேர் படுக்கலாம் என்பதைப் பார்த்துப் பெயர் எழுதக்கூடாது, எத்தனை பேர் பெல்ட் போட்டு உட்காரலாம் என்பதைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். இந்த வண்டிக்கு அது ஆறு. ஏழாவது பெயரை நாங்கள் எழுத மாட்டோம்.

கோபம் வரும் என்று தெரியும். ஒரு அண்ணன் ஏற்கெனவே போன் போட்டுத் திட்டிவிட்டார். "முருகன் பேரைச் சொல்லிக் கிளம்புறோம், அவன் பார்த்துக்க மாட்டானா?" என்று கேட்டார்.

அண்ணே, உங்களுக்கும் சேர்த்துத்தான் பதில். காவடி எடுக்கிறவரை நினைத்துப் பாருங்கள். தோளில் ஏற்றுவதற்கு முன்னால் இடுப்புப் பட்டையை எத்தனை தடவை இழுத்துப் பார்க்கிறோம்? ஒருத்தர் இறுக்குவார், இன்னொருத்தர் ஆட்டிப் பார்ப்பார், அப்புறம் குருசாமி வந்து ஸ்குரூவைத் தொட்டுப் பார்ப்பார். சில கிலோமீட்டர் நடைக்கும் பத்துமலையின் 272 படிக்கும் அவ்வளவு சோதனை. அங்கே யாரும் "பட்டை லூசா இருந்தா என்ன, முருகன் பார்த்துக்குவான்" என்று சொல்வதில்லை. சொன்னால் நாமே விடமாட்டோம். அப்படியிருக்க 1400 கிலோமீட்டர் வேகமாகப் போகிற வண்டியில் மட்டும் ஏன் பட்டை வேண்டாம் என்கிறோம்?

இதைச் சொல்ல எங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்றால், அரைகுறைதான். பல வருஷம் நாங்களும் இப்படித்தான் ஆள் ஏற்றினோம். வேனின் பின் சீட்டைக் கழற்றிவிட்டு, மெத்தை போட்டு, பிள்ளைகளையும் பாட்டிகளையும் அதில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறோம். சந்தோஷமாகத்தான் இருந்தது. பாட்டு, கதை, முறுக்கு டின்.

அப்படி ஒருமுறை தண்ணீர்மலையிலிருந்து திரும்பும்போது, மெனோரா சுரங்கத்தைத் தாண்டி ஈப்போ பக்கம் இறங்குகிற இறக்கத்தில், முன்னால் போன லோரி திடீரென்று பிரேக் போட்டது. நம் டிரைவரும் போட்டார். இடிக்கவே இல்லை. வண்டியில் ஒரு கீறல் கூட இல்லை. ஆனால் மெத்தையில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்த பாட்டி அப்படியே வழுக்கிக்கொண்டு போய், முன் சீட்டின் இரும்புக் காலில் கையை மோதிக்கொண்டார். மணிக்கட்டு உடைந்தது. பக்கத்தில் இருந்த ஆறு வயசுப் பையன் சீட்டுக்கு அடியிலேயே போய்விட்டான். அவனை வெளியே இழுக்கும் வரைக்கும் எங்களுக்கு உயிர் இல்லை. அவனுக்கு நெற்றியில் வீக்கம் மட்டும்தான்.

"முருகன் காப்பாத்திட்டான்" என்று சொல்லிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம். அடுத்த கூட்டத்தில் வரவு செலவு வாசித்தோம், அன்னதானக் கணக்கு வாசித்தோம். இதை வாசிக்கவில்லை. அறிக்கையிலும் எழுதவில்லை. அது எங்கள் தவறு. அந்தப் பாட்டி அதற்கப்புறம் பால்குடம் தூக்கவில்லை. கேட்டால் "கை வலிக்குது தம்பி" என்று மட்டும் சொல்வார், யாரையும் குறை சொல்ல மாட்டார். அதுதான் எங்களுக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

வண்டி நின்றாலும் உடம்பு நிற்காது. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிற வண்டி எதிலாவது மோதி நின்றால், பெல்ட் போடாத உடம்பு அதே 60-ல் முன்னால் போய் எதையாவது முட்டும். சுமார் 14 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம் அது. நாலு மாடி. 90 கிலோமீட்டர் என்றால் 32 மீட்டர், பிளாட்டில் பத்தாவது மாடி. பத்தாவது மாடி பால்கனிச் சுவரில் மெத்தை போட்டுப் பாட்டியைப் படுக்க வைப்போமா? கையால் பிடித்துக்கொள்ளலாம் என்பதும் நடக்காது. பிள்ளையை மடியில் வைத்து இரண்டு பேருக்கும் ஒரே பெல்ட் போடுவது இன்னும் ஆபத்து. நம்முடைய எடை முழுக்க அந்தப் பிள்ளை மேல்தான் இறங்கும்.

தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவருக்குக் கூட பெல்ட் கட்டாயம். ஆள் நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் அது போகும். ஆனாலும் வண்டி சாய்ந்தால் ஆள் வெளியே விழுந்து அதன் அடியிலேயே மாட்டிக்கொள்வார். பெல்ட் அவரைக் கூண்டுக்குள் பிடித்து வைக்கும். மோட்டார்ஹோமும் உயரமான வண்டி. சாய்ந்தால் உள்ளே இருப்பவர்கள் எங்கே போய் விழுவார்கள் என்று சொல்ல முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்டார்கள். பின் சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும் என்பது நம் நாட்டில் 2009 ஜனவரி 1 முதல் இருக்கிறது. சொந்தக் காரில் சிறு பிள்ளைகளுக்குத் தனி இருக்கை என்பது 2020-ல் வந்தது. 2025 ஜூன் 9-ம் தேதி கெரிக் பக்கம் பஸ் கவிழ்ந்து உப்சி பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். விடுமுறை முடிந்து தஞ்சோங் மாலிமுக்குத் திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள். அடுத்த மாதம், ஜூலை 1 முதல், எக்ஸ்பிரஸ் பஸ், சுற்றுலாப் பஸ்களில் பயணிகளும் பெல்ட் போட வேண்டும் என்று ஜேபிஜே நடவடிக்கையை ஆரம்பித்தது. போடாவிட்டால் 300 வெள்ளி சம்மன், டிரைவருக்கு மட்டும் அல்ல, உட்கார்ந்திருப்பவருக்கும். பஸ்ஸிலேயே இப்படி என்றால் மோட்டார்ஹோமில் கட்டில் மேல் படுத்து வருவதற்கு என்ன நியாயம் சொல்வோம்? சம்மன் காசு பெரிய விஷயம் இல்லை. உண்டியல் காசில் கட்டலாம் என்று மட்டும் யாரும் வராதீர்கள்.

பெல்ட் இருக்கிறது என்று சொன்னால் உடனே நம்பிவிடவும் கூடாது. எங்கே கட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். வேனை வாங்கி உள்ளே பலகை அடித்து மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பெல்ட் வண்டியின் இரும்புச் சட்டத்தில் பிடித்திருக்க வேண்டும். பிளைவுட் பெஞ்சில் ஸ்குரூ போட்டு மாட்டிய பெல்ட், இழுப்பு வந்தால் பலகையோடு பிடுங்கிக்கொண்டு வரும். வண்டியின் கிராண்ட்டில் எத்தனை இருக்கை என்று இருக்கும், அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சுவர் ஓரமாகப் பக்கவாட்டில் போட்ட பெஞ்சு, கூட்டமாக உட்கார்ந்து பேசுவதற்கு நன்றாக இருக்கும். ஆனால் இடி முன்னாலிருந்து வரும்போது அங்கே உட்கார்ந்திருப்பவரின் கழுத்தும் இடுப்பும் பக்கவாட்டில் முறுக்கிக்கொள்ளும். பெல்ட் இருந்தாலும் அங்கே சரியாக வேலை செய்யாது. முன் பார்த்த சீட்டில் தோளும் இடுப்பும் சேர்த்துப் பிடிக்கிற பெல்ட் இருந்தால் அதுதான் முதல் தரம். நாங்கள் பார்த்த வண்டியில் அப்படி நாலுதான். பின்னோக்கிப் பார்த்த மற்ற இரண்டில் இடுப்புப் பெல்ட் மட்டும்.

அம்மாமார்களுக்கு ஒன்று. சேலை கசங்கும், வயிறு நிறையச் சாப்பிட்டிருக்கிறோம் என்று பெல்ட்டை வயிற்றுக்கு மேலே தூக்கிப் போடாதீர்கள். இடுப்பெலும்பு மேல் படிந்து இருக்க வேண்டும். மாசமாக இருப்பவர்கள் வயிற்றுக்குக் கீழே போட வேண்டும். முந்தானைக்கு அடியில் போடுங்கள், வழுக்காது.

ஆட்களைப் போலவே சாமான்களும். பித்தளைக் குடம், வேல், காவடிச் சட்டம், உறுமி மேளம், அரிசி மூட்டை, எல்லாமே சீட்டிலும் கட்டிலிலும் சும்மா கிடக்கும். பிரேக் போட்டால் குடம் பறக்கும். வேல் பறந்தால் என்ன ஆகும் என்று எழுத எங்களுக்கே மனசு வரவில்லை. பூஜை சாமான் புனிதமானது என்பதால் தரையில் வைக்க மாட்டோம் என்கிறார்கள், சரி. துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்துப் பூட்டுங்கள், அல்லது கயிற்றால் கட்டுங்கள். ஓடும்போது அடுப்பு பற்ற வைக்கக்கூடாது, கேஸ் சிலிண்டர் மூடியிருக்க வேண்டும். டீ வேண்டும் என்றால் தாப்பா ரெஸ்ட் ஏரியாவில் நிறுத்திக் குடிப்போம். ஓடுகிற வண்டியில் கழிப்பறைக்கு எழுந்து போவதும் அதே ஆபத்துதான். நிறுத்தச் சொல்லுங்கள், டிரைவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இதில் எங்களுக்கே சங்கடமான கேள்வி ஒன்று இருக்கிறது. அலகு குத்தி, முதுகில் கொக்கி போட்டு இறங்கி வந்தவர்களுக்குச் சீட்டில் சாயவே முடியாது. அவர்களைக் குப்புறப் படுக்க வைத்துத்தான் கூட்டி வருவோம். பாவம், வேறு வழி இல்லை என்று நினைத்தோம். ஆனால் வழி இருக்கிறது. அன்று இரவே திரும்பாமல் அங்கேயே தங்குவது. மோட்டார்ஹோமின் படுக்கை அதற்குத்தானே? நிறுத்தி வைத்து, நன்றாகத் தூங்கவிட்டு, மறுநாள் உட்கார வைத்துக் கூட்டி வரலாம். ஒரு நாள் வாடகை கூடும். அதை நாங்கள் தொண்டர்கள் பிரித்துப் போட்டுக்கொள்கிறோம். டிரைவரும் விரதம், ராத்திரி முழிப்பு என்று இல்லாதவராக இருக்க வேண்டும். காவடி எடுத்தவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள், அவர் எவ்வளவு கேட்டாலும்.

அப்படியானால் மற்ற ஐந்து பேர்? பெல்ட் உள்ள இரண்டு கார்கள் கூடவே வரட்டும் என்று பேசியிருக்கிறோம். ஒரு குடும்பம் தங்கள் காரைக் கொடுக்கச் சம்மதித்துவிட்டது, இன்னொன்று தேடிக்கொண்டிருக்கிறோம். இரவில் வண்டி நின்ற பிறகு யார் எந்தப் படுக்கையில் படுப்பது என்று வயசு பார்த்து மாற்றிக்கொள்ளலாம். கார் கிடைக்கவில்லை என்றால் மோட்டார்ஹோமை ரத்து செய்துவிட்டு, எல்லா சீட்டிலும் பெல்ட் இருக்கிற சுற்றுலாப் பஸ்ஸில் போவோம். தலைக்குச் செலவு கொஞ்சம் கூடும். இளைஞர்கள் முகம் சுளிப்பார்கள், தெரியும். தம்பிகளா, யோசனை உங்களுடையது, நல்ல யோசனை. ஆள் கணக்கில் மட்டும்தான் எங்களுக்குச் சண்டை.

நிர்வாகத்திடம் ஒரு வேண்டுகோள். இனிமேல் ஆலயத்தின் பெயரில் எந்தப் பயண நோட்டீஸ் போட்டாலும், கட்டணத்துக்குப் பக்கத்தில் பெல்ட் உள்ள இருக்கை எத்தனை என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். போன பயணத்தில் என்ன நடந்தது என்பதும், சின்ன அடியாக இருந்தாலும், அறிக்கையில் வர வேண்டும். பாட்டியின் கை உடைந்த விஷயத்தை வருகிற கூட்டத்தில் நாங்களே எழுந்து வாசிக்கிறோம். தாமதம்தான், மன்னிக்கவும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பூஜை முடிந்து, பிரசாதம் கொடுத்ததும், மண்டபத்தில் கூடிப் பேசுவோம். கார் கொடுக்க முடிந்தவர்கள் அதற்குள் சொல்லுங்கள். பெயர்ப் பட்டியல் புதிதாக ஆரம்பிக்கிறோம், பழைய பதினொன்று செல்லாது. முதல் பெயர் மட்டும் எழுதியாகிவிட்டது. அந்தப் பாட்டியிடம் நேற்றுப் போய்க் கேட்டோம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஜன்னல் ஓரம் குடுப்பியா?" என்றார். முன் பார்த்த சீட், ஜன்னல் ஓரம், முழு பெல்ட்.