சேர்த்துவிட்டோம், முடித்தார்களா?

ஆண்டுதோறும் கல்லூரிகள் திறக்கும் ஜூன் மாதம் வந்துவிட்டால் நம் ஊர்களில் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். மதரஸாத் திடலிலோ திருமண மண்டபத்திலோ மேடை போடப்படும். கிராஅத்துடன் கூட்டம் தொடங்கும். ஊர்ப் பெரியவர்கள் வீற்றிருக்க, கல்லூரியில் இடம் பெற்ற பிள்ளைகள் ஒவ்வொருவராக மேடையேறி முதலாண்டுக் கட்டணத்துக்கான காசோலையைப் பெற்றுக்கொள்வார்கள். கொடுத்தவருக்குப் பொன்னாடை, வாங்கியவனுக்குப் புகைப்படம். கல்வியின் மாண்பு பற்றி ஒரு மணி நேரச் சொற்பொழிவு நிகழும். பின்னர் துஆ ஓதிக் கலைவோம்.

நல்லது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும் ஒரு கேள்வி உண்டு. மூன்றாண்டுகளுக்கு முன் அதே மேடையில் ஏறிய பிள்ளைகளில் இன்று பட்டதாரிகள் எத்தனை பேர்? விழாக் குழுவினரைக் கேட்டுப் பாருங்கள். பந்தலுக்கு என்ன செலவு, ஒலிபெருக்கிக்கு என்ன கூலி என்பதற்கெல்லாம் கணக்கு இருக்கும். பிள்ளைகளின் கணக்கு மட்டும் இராது.

கல்லூரி வாயில்வரை நமக்குப் பாதை அமைத்துத் தந்தவர்கள் நம் முன்னோர். 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. 1951இல் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியும் சென்னையில் புதுக்கல்லூரியும் தோன்றின. 1955இல் அதிராம்பட்டினம், 1956இல் உத்தமபாளையம், 1970இல் இளையான்குடி, 1971இல் பாளையங்கோட்டை என்று அந்தப் பட்டியல் நீளும். 2007இல் தமிழக அரசு முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் தந்தது. ஆக, நுழைவாயில் திறந்திருக்கிறது. பாதியில் வெளியேறும் பக்கவாயில் ஒன்றும் அகலத் திறந்திருக்கிறதே, அதைப் பற்றி யார் பேசுகிறோம்? 2006இல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கையை மேடைதோறும் முழங்குகிறோம். நாடு முழுவதற்கும் கணக்கெடுத்த அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, நம் முஹல்லாவின் நான்கு தெருக்களைக் கணக்கெடுக்க மறந்தோம்.

ஒரு பிள்ளை கல்லூரியைவிட்டு எப்படி வெளியேறுகிறான்? ஒரே நாளில் அன்று. தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்புவரை படித்து, குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் அவன். வகுப்பில் பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது. புரியவில்லை என்று எழுந்து சொல்ல நா எழவில்லை. நவம்பர்த் தேர்வில் ஆங்கிலத்திலும் துணைப்பாடமான கணிதத்திலும் தவறுகிறான். அரியர் இரண்டு. ஷார்ஜாவிலிருந்து பேசும் வாப்பா, “நல்லாப் படிக்கிறியா?” என்கிறார். “ஆமா வாப்பா” என்கிறான். அரியர் என்றால் என்னவென்று உம்மாவுக்குத் தெரியாது. அடுத்த பருவத்தில் இரண்டு நான்காகிறது. வகுப்பில் உட்கார வெட்கம். மாமாவின் கடையில் உட்கார்ந்தால் மரியாதை. வருகைப் பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்க, தேர்வு எழுதும் உரிமையே கேள்விக்குறியாகிறது. அந்த நேரம் பார்த்து மச்சான் விசா அனுப்புகிறார். ஊர் தீர்ப்புச் சொல்கிறது: “அவனுக்குப் படிப்பு ஏறவில்லை, சபர் போய்விட்டான்.”

ஏறவில்லையா? ஏற்றிவிட யார் இருந்தார்கள்? முதல் அரியர் விழுந்த அந்த நவம்பரில், “எந்தப் பாடம் தம்பி, என்ன கஷ்டம்?” என்று கேட்க ஓர் ஆள் இருந்தாரா? அதே தெருவில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் மாலைப்பொழுதைத் திண்ணையில் கழித்துக்கொண்டிருக்க, அவரிடம் இவனைக் கொண்டுபோய் உட்காரவைக்க ஒருவருக்கேனும் தோன்றிற்றா? நாம் கைவிட்டதை அவனுடைய மூளையின் குறையாக எழுதிவைப்பது எந்த நியாயம்?

பெண்பிள்ளைகளின் கதை வேறு. அவர்களிற் பலர், முதல் வகுப்பில் தேறிக்கொண்டிருக்கும்போதே வெளியேற்றப்படுகிறார்கள். இரண்டாம் ஆண்டில் நல்ல இடம் வருகிறது. “கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் படிக்க வைக்கிறோம்” என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்கிறார்கள். மஹரை எழுதிச் சாட்சிகளின் கையொப்பம் வாங்கும் நாம், இந்த வாக்குறுதியை மட்டும் காற்றில் எழுதிக்கொள்கிறோம். மண்டபம் என்றைக்குக் காலி, மாப்பிள்ளைக்கு விடுப்பு எத்தனை நாள் என்றெல்லாம் விசாரித்துத்தான் நிக்காஹ் தேதி குறிக்கிறோம். மணமகளின் தேர்வு எந்த மாதம் என்று யாரேனும் விசாரித்ததுண்டா? மாணவியருக்கு மகப்பேற்று விடுப்பும் வருகைப் பதிவில் சலுகையும் அளிக்க விதி செய்யுமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2021 டிசம்பரில் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. புகுந்த வீட்டில் அவளுக்காக அதைக் கேட்டு வாங்கித் தருபவர் யார்?

“பட்டம் சோறு போடுமா?” என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. கடனில் மூழ்கிய வீட்டில், வாப்பா படுக்கையில் விழுந்துவிட்ட நிலையில், பிழைப்பைத் தேடி ஓடும் பிள்ளையைப் பழிக்க நான் வரவில்லை. அவன் தியாகி. ஆனால் ஒன்றிரண்டு பருவங்களே எஞ்சியிருக்கும்போது, வந்த விசா கைநழுவிவிடும் என்ற ஒரே அச்சத்தால் பிள்ளையை விமானம் ஏற்றுகிறோமே, அதற்கு என்ன பதில்? வாப்பாவை ஏற்றுக்கொண்ட வளைகுடா வேறு. மகனை எதிர்கொள்ளும் வளைகுடா வேறு. சவூதி அரசு 2011இல் நிதாகத் திட்டத்தைக் கொண்டுவந்து, பணியிடங்களைத் தன் குடிமக்களுக்குத் திருப்பத் தொடங்கியது. அங்கே உயர்ந்த பணிகள் பலவற்றுக்கு, முறையாகச் சான்றொப்பம் பெற்ற பட்டச் சான்றிதழைக் கேட்கிறார்கள். ஆறு மாதம் பொறுக்காதவன் அறுபது வயதுவரை அடிமட்டக் கூலியாகவே நிற்க நேரிடலாம். இதுவா சிக்கனம்?

படிப்பை முடிக்கவைப்பது நடவாத காரியமும் அன்று. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் தன் ஈராண்டுக் கல்லூரிகளில் 2007இல் ஒரு திட்டம் தொடங்கியது. கட்டணத்தில் விழுந்த குறையை நிரப்பினார்கள், பாடநூல் கொடுத்தார்கள், மாதந்தோறும் பயணச்சீட்டு கொடுத்தார்கள், அடிக்கடி அழைத்துப் பேசி வழிகாட்ட ஓர் ஆலோசகரை அமர்த்தினார்கள். அடிப்படைப் பாடங்களில் பின்தங்கிய ஏழை மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஆராய்ந்தபோது, மூன்றாண்டு முடிவில், திட்டத்தில் சேராதவர்களில் 22 விழுக்காட்டினர் பட்டம் பெற்றிருந்தனர். சேர்ந்தவர்களில் 40 விழுக்காட்டினர் பெற்றிருந்தனர். ஒஹையோ மாநிலத்தில் செய்து பார்த்தபோதும் இது 19க்கு 35 என்று வந்தது. பிள்ளைகளின் அறிவில் வேற்றுமை இல்லை. பஸ் காசும் புத்தகமும், பெயர் சொல்லிக் கூப்பிட்டு விசாரிக்க ஒரு மனிதரும் செய்த வேலை அது.

இவ்வளவு தூரம் போவானேன்? பத்ருப் போரில் சிறைப்பட்டவர்களில், ஈட்டுத்தொகை கொடுக்க இயலாத, ஆனால் எழுதத் தெரிந்தவர்கள், மதீனத்துப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுத்துக் கற்பிக்க வேண்டும் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் விதித்ததாக வரலாற்றாசிரியர் இப்னு ஸஅது எழுதுகிறார். அப்பிள்ளைகள் தேர்ச்சி பெற்றால்தான் அது ஈட்டுத்தொகையாகக் கொள்ளப்பட்டது. பாடம் தொடங்கிய நாளில் எவருக்கும் விலங்கு அவிழவில்லை! அவ்வாறு கற்றவர்களுள் ஒருவர் ஸைது இப்னு தாபித் (ரலி). பின்னாளில் திருமறையைத் தொகுக்கும் மாபெரும் பணி அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. எதிரியிடம்கூடத் தேர்ச்சியைக் கேட்ட மார்க்கத்தில் பிறந்த நாம், நம்மிடம் சேர்க்கையோடு திருப்தியடைவது தகுமா?

ஜமாஅத்துகள் செய்ய வேண்டியவை பெரும்பொருள் வேண்டுபவை அல்ல. நிக்காஹ் பதிவேடு வைத்திருக்கும் பள்ளிவாசலில் படிப்புப் பதிவேடு ஒன்றும் வையுங்கள். ஒவ்வொரு பருவத்தேர்வு முடிவு வந்ததும் அதைத் திறந்து பாருங்கள். பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவராக, படித்த ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். மாணவியருக்குப் படித்த பெண்மணி ஒருவர் பொறுப்பேற்கட்டும். உதவித்தொகையை ஒரே காசோலையாகக் கொடுத்துத் தீர்க்காமல் இறுதிப் பருவம்வரை பகிர்ந்து கொடுங்கள். தமிழக அரசு 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும் 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதந்தோறும் 1,000 ரூபாய் தரும் முறையில்தான் வகுக்கப்பட்டன. மணமகளின் படிப்புக்குத் தரும் வாக்குறுதியையும் ஜமாஅத்தின் ஏட்டில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். பாதியில் நின்றவர்களைத் தேடிப் போங்கள். அரியரை எழுதி முடிக்கவோ அஞ்சல்வழிக் கல்வியில் சேரவோ வழி காட்டுங்கள்.

அடுத்த ஜூனிலும் மேடை போடுங்கள். ஆனால் பொன்னாடை அணிவிப்பதற்கு முன்னால், மூன்றாண்டுக்கு முன் ஏறியவர்களின் பெயரை வரிசையாக வாசியுங்கள். முடித்தவன் எழுந்து நிற்கட்டும். எழாத பெயர்களுக்கு ஊர் பதில் சொல்லட்டும். அந்தப் பதிலைச் சொல்லும் துணிவையும், சொல்ல நேராதபடி உழைக்கும் ஊக்கத்தையும் வல்ல அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.