கைத்தொழில் அறிவோம்: வண்ணக் கண்ணாடியும் ஈயமும்



ஹட்டனுக்கு அருகே டிக்கோயாவில், காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி 1878 இல் கட்டப்பட்ட வார்லி தேவாலயம் நிற்கிறது. அதன் வண்ண யன்னல்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். இத்தகைய யன்னலை எப்படிச் செய்கிறார்கள்?

முதலில் முழு அளவில் படம் வரைவார்கள். அதன்படி நிறக் கண்ணாடியைக் கீறி உடைத்தெடுப்பார்கள். இருபுறமும் பள்ளமுள்ள ஈயப் பட்டிகளுக்குள் துண்டுகளைச் செருகி, பட்டிகள் சந்திக்கும் இடங்களைப் பற்றவைத்து, இடுக்குகளில் புட்டி அடைப்பார்கள்.

இது பெண்களுக்குப் புதிய தொழிலல்ல. இங்கிலாந்தில் மேரி லவுண்ட்ஸ், அல்பிரட் ட்ரூரியுடன் சேர்ந்து 1897 இல் இத்தொழிலைத் தொடங்கினார். 1906 இல் லண்டன் ஃபுல்ஹாமில் அவர்கள் அமைத்த பட்டறையில், சொந்தப் பட்டறை இல்லாத பெண் கலைஞர்கள் பலரும் வேலை செய்தனர்.

ஆனால் ஈயம் நஞ்சு. அதன் தூசு கைவழியே சோற்றுக்குள் போகும். பிள்ளைகளின் மூளை வளர்ச்சியையும் கருவிலுள்ள சிசுவையும் பாதிக்கும். இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் தீங்கில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

லயன் அறையிலும் தற்காலிக வீட்டிலும் அடுப்படியே பட்டறையாகிவிடும். ஆகவே யாராவது சுயதொழில் பயிற்சிக்கு அழைத்தால், வேலைக்குத் தனியிடமும் காற்றோட்டமும் உண்டா என்று முதலில் கேளுங்கள். கண்ணாடி விளிம்பில் செப்புத் தகடு ஒட்டி, ஈயம் கலவாத பற்றினால் இணைக்கும் முறையைக் கற்றுத்தரச் சொல்லுங்கள். தூசைக் கூட்டாமல் ஈரத் துணியால் துடையுங்கள். சவர்க்காரமிட்டுக் கைகழுவி, உடைமாற்றிய பின்பே பிள்ளையைத் தூக்குங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் ஈய வேலையைத் தவிர்க்க வேண்டும்.

வருமானம் நமக்குத் தேவை. அதைப் பிள்ளைகளின் உடல்நலத்தை விற்று வாங்க வேண்டாம்.